எடை அட்டவணை சொன்ன படகும் கரை சொன்ன படகும்: 51 வயதில் தனியாகப் பாய் விரித்த ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

24 வருடம் பாய்ப்படகைத் தொடாத ஒருவர், தனியாக ஓட்ட டிங்கி என்னும் சிறு பாய்ப்படகு ஒன்று வாங்க வேண்டும் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். நான் முதலில் சொன்னது தவறாகப் போனது. அதைத் திருத்த எங்கள் இருவருக்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு காலை அவரைக் கடலிலிருந்து இழுத்து வர வேண்டியும் வந்தது. அவர் சம்மதத்தோடு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பெயரும் ஊரும் விட்டிருக்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தின் வடகரையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம் என்பது போதும்.

பின்னணி

கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, எண்டர்பிரைஸ் என்னும் இரண்டு பேர் ஓட்டும் படகில் பழகியவர். பிறகு சென்னையில் வேலை பார்த்த சில வருடங்கள், ஒரே ஆள் ஓட்டும் லேசர் படகை ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார், நான் பார்த்திருக்கிறேன். 27 வயதில் வளைகுடா நாட்டு வேலை, அதுவும் கடலில்லாத ஊரில். திரும்பி வந்து அப்பாவின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தோப்பின் ஓரத்தில் நின்றால் கடல் தெரியும்.

வரும்போது அவர் நிலை: வயது 51, எடை 86 கிலோ. இடது முழங்காலில் குருத்தெலும்பு தேய்வு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். நடக்கலாம், நீந்தலாம், மடக்கி உட்கார்ந்து எழுவதைக் குறைக்க வேண்டும். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள். நீச்சல் மறக்கவில்லை, முதல் வாரமே அரை மணி நேரம் நிற்காமல் நீந்திக் காட்டினார்.

அவர் கேட்டது ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு யாரையும் எழுப்பாமல் படகை இறக்கி, ஒன்பதுக்குள் திரும்பி வர வேண்டும். பந்தயம் வேண்டாம். கூட ஓட்ட ஆள் தேடும் வேலையும் வேண்டாம்.

கரையும் காற்றும்

மண்டபம் பக்கம் நிலம் ஒடுங்கி, இரண்டு கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை பிடித்துவிட்டால், அதாவது ஐப்பசிக்குப் பிறகு, தலைகீழ்.

குளம் போலக் கிடப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது. வடகரையில் நிற்பவருக்கு அது முதுகுக்குப் பின்னாலிருந்து, நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசும் காற்று. அலை எழும்பாததற்குக் காரணமும் அதுதான். ஏதாவது உடைந்தால் படகு கரைக்கு வராது, கடலுக்குள் போகும். வாடைக் காலத்தில் இதற்கு நேர்மாறு: இறக்குவது சிரமம், அலை முகத்தில் அடிக்கும், ஆனால் எது உடைந்தாலும் காற்றே கரையில் கொண்டுவந்து போடும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நாட்டுப்படகு வைத்திருக்கிறார், 60 தாண்டியவர். நண்பர் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். திட்டத்தைக் கேட்டதும் அவர் சொன்னது: "கரைக்காத்துல போறது ஒரு வேலையே இல்ல தம்பி. வர்றதுதான் வேலை." அன்றைக்கு இருவருமே தலையாட்டினோம். எவ்வளவு சரி என்பது ஆடியில்தான் புரிந்தது.

அடுத்தது ஆழம். இந்தக் கரையில் 200 மீட்டர் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அடியில் மணலும் சேறும் கடல்புல்லும். கரையை ஒட்டி மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்க்கிறார்கள், 12 அடிக்கு 12 அடி, வரிசை வரிசையாக நங்கூரம் போட்டு. அதற்கும் வெளியே நண்டு வலைகள். தென்கடலில் இறக்கலாமா என்றும் யோசித்தோம். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வழி தவறி ஒரு பவளப்பாறை மேல் படகுக்கு அடியில் நீட்டியிருக்கும் பலகை மோதினால் படகுக்கும் கேடு, பாறைக்கும் கேடு. வீட்டு வாசலில் இருக்கும் வடகடலே போதும் என்று முடிவானது.

முதல் ஆலோசனை, என் பிழை

லேசர் படகைப் புரூஸ் கர்பி வடிவமைத்தார். 1971 முதல் விற்பனையில் இருக்கிறது. 2019 முதல் பந்தய வட்டாரத்தில் இதற்கு இல்கா என்று பெயர், ஆனாலும் ஓட்டுகிறவர்கள் வாயில் இன்றும் லேசர்தான். நீளம் 4.2 மீட்டர், வெறும் உடல் சுமார் 59 கிலோ. இதன் பெரிய வசதி, ஒரே உடலுக்கு மூன்று பாய்: ஸ்டாண்டர்டு 7.06 சதுர மீட்டர், ரேடியல் 5.76, சின்னது 4.7. பாய்மரத்தின் மேல் துண்டு மூன்றுக்கும் ஒன்றே. கீழ்த் துண்டையும் பாயையும் மாற்றினால் படகின் குணமே மாறும்.

எந்த எடைக்கு எந்தப் பாய் என்று ஒரு கணக்கு எல்லாருக்கும் தெரியும். 80 கிலோவுக்கு மேல் என்றால் ஸ்டாண்டர்டு. 86 கிலோ என்றார், ஸ்டாண்டர்டு என்றேன். அவர் இளமையில் ஓட்டியதும் அதுதான், முகம் மலர்ந்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கு பந்தயக்காரர்களுக்கானது. வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்து, படகுக்கு வெளியே உடலைச் சாய்த்து மணிக்கணக்கில் தாங்குகிறவர் எந்தப் பாயில் வேகமாகப் போவார் என்பதற்கான பதில் அது. முழங்கால் தேய்ந்த ஒருவர் தனிக் கரையில் எந்தப் பாயோடு பத்திரமாகத் திரும்புவார் என்று அதில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

சென்னையில் இரண்டு நாள்

பிப்ரவரியில் சென்னைக்குப் போய், தெரிந்தவர் ஒருவரின் ஸ்டாண்டர்டு லேசரில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். மிதமான காற்று. முதல் அரை மணி தடுமாறினார், பிறகு கை தானாக வந்தது. டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கம்பை, முதுகுக்குப் பின்னால் கை மாற்றும் பழக்கம் 24 வருடம் கழித்தும் உடம்பில் இருந்ததைக் கரையிலிருந்து பார்த்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

ஆனால் அங்கே சாய்தளம் இருந்தது. தள்ளுவண்டியைப் பிடிக்க இரண்டு பையன்கள் இருந்தார்கள். மீட்புப் படகு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆழமாக இருந்தது. அவர் ஊரில் இதில் ஒன்றும் கிடையாது. இந்த வித்தியாசம் எங்கள் இருவர் மனதிலும் அன்று படவில்லை. "இதுவேதான்" என்று சொல்லிக்கொண்டே ரயில் ஏறினார்.

நல்லவேளையாக, விற்க இருந்த படகின் சொந்தக்காரர் அவசரப்படவில்லை. "பத்து நாள் உங்க கரையில வச்சு ஓட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஒரு டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோனோம். இந்த முழுக் கதையிலும் எங்களைக் காப்பாற்றிய முடிவு இதுதான், அதை எடுத்தவர் நாங்கள் இல்லை.

சொந்தக் கரையில் பத்து நாள்

முதல் நாள் படகு தண்ணீரையே தொடவில்லை. உடல், பாய்மரம், பாய், சுக்கான் எல்லாம் சேர்ந்து 75 கிலோவைத் தாண்டிவிடும். வண்டியின் ஒல்லிச் சக்கரம் உலர்ந்த மணலில் பாதிவரை புதைந்தது. மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. தனியாக, யாரையும் எழுப்பாமல் என்ற ஆசை அங்கேயே நின்றுபோனது.

இரண்டாம் நாள் இறக்கினார். மாசி மாதம், காற்று கிழக்கே சாய்ந்து கரையோரமாக வீசியது, மணிக்கு 20 கி.மீ. இருக்கலாம். லேசரின் நடுப்பலகை கீல் போட்டு மடங்குவதல்ல. டேகர்போர்டு, அதாவது மேலிருந்து செருகும் பலகை. முழுதாக இறக்கினால் ஏறக்குறைய 80 செ.மீ. ஆழம் வேண்டும். அதனால் பாதிப் பலகையோடு, பாதி தூக்கிய சுக்கானோடு 200 மீட்டர் போக வேண்டும். தூக்கிய சுக்கான் கைக்கு மிகவும் கனக்கும், படகும் பக்கவாட்டில் வழுக்கும். அடியில் கடல்புல் சிக்கியது. அப்படித் தடுமாறும் நேரத்தில் பாய் முழுக்கக் காற்று.

மூன்றாம் நாள் காற்று கூடியது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும். 20 கி.மீ. காற்றில் சமாளித்தவர் 30-இல் வேறொரு படகில் உட்கார்ந்திருப்பதாகவே உணர்வார். ஹைக்கிங் பட்டையில் காலை மாட்டி வெளியே சாய்ந்தால் மொத்தச் சுமையும் முழங்காலிலும் தொடையிலும் இறங்கும். ஒன்பது நிமிடம் தாங்கினார். கால் நடுங்கத் தொடங்கியதும் உள்ளே வந்தார், படகு கவிழ்ந்தது.

கவிழ்ந்த இடத்தில் நெஞ்சளவு தண்ணீர். பாய்மரம் 6 மீட்டர். ஆழக்கடலில் படகு முழுதாகத் தலைகீழாகும், பலகை மேல் ஏறி நின்று நிமிர்த்தலாம். இங்கே மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றது, அலை படகைத் தள்ளத் தள்ள மரம் வளைந்தது. அவர் பழைய பழக்கத்தில் பலகை மேல் ஏறி முழு எடையையும் போட்டு இழுத்தார். நான் கரையிலிருந்து கத்தினேன், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் நடந்தே போனார். மரத்தின் நுனியைத் தேடிப் பிடித்து, சேற்றிலிருந்து உருவி, தோளில் வைத்து, பாயிலிருந்து தண்ணீர் வடிய விட்டு, மரத்தைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டே படகை நோக்கி வந்தார். படகு எழுந்தது. நிற்கும் ஆழத்தில் செய்ய வேண்டியது அதுதான். லேசரைத் தன் வாழ்நாளில் முதல்முறை தொட்டவர் செய்து காட்டினார்.

நிமிர்ந்த பிறகும் நண்பரால் ஏற முடியவில்லை. விளிம்பைப் பிடித்து உடலைத் தூக்கி வயிற்றால் ஊர வேண்டும். இருபதுகளில் யோசிக்காமல் செய்தது. நான்கு முறை முயன்று, ஐந்தாவது முறை பெரியவர் காலைப் பிடித்துத் தள்ளினார். கவிழ்ந்ததிலிருந்து ஏறியது வரை 25 நிமிடம்.

அன்று மாலை தோப்பில் உட்கார்ந்து எழுதி வைத்தோம். பாய் பெரிது. முழங்கால் பத்து நிமிடம்தான் தாங்கும். மணலில் வண்டி ஓடாது. சேற்றில் மரம் குத்தும். தனியாக ஏற முடியவில்லை. இந்த ஐந்தில் ஒன்றைக்கூடச் சென்னைக் கரை எங்களுக்குக் காட்டவில்லை.

வேறு படகுகளைப் பார்த்தது

லேசரை விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தோம்.

ஆர்.எஸ். ஏரோ: 2014 வாக்கில் வந்தது. 4 மீட்டர் நீளம், உடல் 30 கிலோதான், லேசரில் பாதி. பாயும் பல அளவில், 5.2 முதல் 8.9 சதுர மீட்டர் வரை. மணல் கரைக்கும் வயதான முழங்காலுக்கும் காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், விலை அவர் ஒதுக்கியதைப் போல் பல மடங்கு. கார்பன் மரம் ஒன்று உடைந்தால் எத்தனை மாதம் காத்திருப்பது? மூன்று நாள் ஆசைப்பட்டுவிட்டு விட்டார். பணமும் பொறுமையும் உள்ளவர்கள் இதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

ஃபின் என்று ஒருவர் சொன்னார். 1949-இல் வரைந்தது, ஒலிம்பிக்ஸில் 1952 முதல் தோக்கியோ வரை இருந்தது. பாய் 10 சதுர மீட்டர், உடல் 100 கிலோவுக்கு மேல். மணலில் நினைத்தும் பார்க்க முடியாது.

வார்ப்புப் பிளாஸ்டிக் பயிற்சிப் படகுகளும் உண்டு. அடி தாங்கும், பல வகைகளில் பாயைக் கயிற்றால் இறக்கலாம். பழையதாக நல்ல நிலையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என் ஓட்டு அதற்கே போயிருக்கும். ஏனென்றால் லேசரின் பாய் உறை போல மரத்தில் மாட்டுவது. கடலில் வைத்து இறக்க முடியாது. தனி ஆளுக்கு இது சின்ன விஷயமல்ல.

பெரியவர் யோசனை வேறு. "சின்ன வள்ளம் ஒண்ணு வாங்கி, நம்ம பாயே கட்டிக்குவோம். தாமானைக் கையில பிடிச்சா போதும்." தாமான் என்பது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டிகள் இன்னும் நடக்கின்றன, அந்தக் கை இங்கே அழிந்துவிடவில்லை. ஆனால் அந்தப் படகுக்கு ஒரு ஆள் போதாது. அவர் பேரனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் மூவரும் போய் வந்தார்கள். அந்த நாளைப் பற்றி நண்பர் இன்றும் பேசுவார்.

முடிவும் காரணமும்

மறுபடி லேசரிடமே வந்தோம். ரேடியல் பாயோடு, வேறு சில மாற்றங்களோடு. காரணங்கள் இவை.

பாயின் பரப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 86 கிலோ ஆள் ரேடியலில் இளங்காற்றில் மெதுவாகத்தான் போவார். அவருக்கு யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. காற்று ஏறும்போது அதே எடை கைகொடுக்கும், விளிம்பில் நேராக உட்கார்ந்தே சமாளிக்கலாம், முழங்காலை நீட்டித் தொங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உதிரிப் பாகம். நம் நாட்டில் தனி ஆள் படகுப் பயிற்சி பெரும்பாலும் லேசரில் நடக்கிறது. தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு நம் நாட்டின் நேத்ரா குமணன் போனது ரேடியலில், விஷ்ணு சரவணன் போனது ஸ்டாண்டர்டில். அப்படிப் பயில்கிறவர்கள் கழற்றிப் போடும் பாய், கயிறு, கப்பி எல்லாம் கைமாறும். எங்கும் ஒரே அளவில் செய்யப்படும் படகு என்பதால் எங்கே வாங்கினாலும் பொருந்தும். பந்தயத்துக்கு ஆகாத பாய் ஒன்று இவருக்கு மூன்று வருடம் உழைக்கும்.

மூன்றாவது, அவர் கைக்கு அது தெரியும். பழைய நினைவை மட்டும் நம்பி வாங்குவது தவறு என்று இந்தப் பத்து நாள் காட்டியது. ஆனாலும் கவிழ்ந்த நொடியில் கயிற்றை விடும் கை, அந்தப் பழைய கைதான்.

பழைய படகின் உடலைச் சோதித்த விதம்

கடன் வாங்கிய அதே படகை ரேடியல் கீழ் மரத்தோடு ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பேசினோம். கொடுப்பதற்கு முன் செய்தவை, மற்றவர்களுக்கும் பயன்படும்.

பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விட்டோம். மட்டம் இறங்கினால் குழியின் அடி விரிசல், அந்தப் படகைத் தொடவே கூடாது. மரத்தின் மொத்த விசையும் வந்து இறங்கும் இடம் அது. இங்கே இறங்கவில்லை. அடுத்து மேல்தளத்தைக் குழியைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் கட்டைவிரலால் அழுத்தினோம். ஒரு இடத்தில் மெத்தென்று உள்வாங்கியது. உள்ளே ஈரம். பின்பக்க அடைப்பைக் கழற்றிச் சாய்த்தபோது இரண்டு லிட்டர் தண்ணீர் வந்தது. எடை போட்டோம், 63 கிலோ. நான்கு கிலோ ஈரம். நிழலில் மூன்று வாரம் காய வைத்தால் பெரும்பகுதி போகும் என்று முடிவெடுத்து, அதைச் சொல்லியே விலையில் கொஞ்சம் குறைத்தோம். சுக்கான் பிடிக்கும் திருகுகள், பலகைப் பொந்தின் ஓரம், மரத்தில் எஃகு ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் பொரிந்திருக்கிறதா என்பது எல்லாம் பார்த்தோம். இந்த உப்புக்காற்றில் அந்த ரிவெட்டுதான் முதலில் போகும்.

முதல் மாதங்கள்

தள்ளுவண்டிதான் முதல் வேலை. இராமநாதபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அச்சை அகலமாக்கி, ஸ்கூட்டர் டயர்களைக் காற்று குறைத்து மாட்டினோம். 11,000 ரூபாய் ஆனது. உலர்ந்த மணலிலும் ஒரே ஆள் தள்ள முடிந்தது. படகுக்கு அடுத்தபடி இந்தத் திட்டத்தில் நன்றாகச் செலவான பணம் இதுதான்.

மரத்தின் உச்சியில் வலைக்குக் கட்டும் மிதவை ஒன்றைக் கட்டினோம். கவிழ்ந்தால் படகு பக்கவாட்டிலேயே மிதக்கும், நுனி சேற்றுக்குப் போகாது. ஹைக்கிங் பட்டையிலிருந்து ஒரு கயிற்று வளையம், விளிம்புக்கு வெளியே தொங்கும்படி. ஏணிப்படி போல அதில் கால் வைத்து ஏறலாம். அதில் இருபது முறை ஏறி இறங்கிப் பழகிய பிறகே தனியாகப் போக விட்டேன்.

பாசி வளர்க்கும் பெண்களிடம் போய்க் கேட்டார். "உங்க மிதவை எதுவரைக்கும் இருக்கு அக்கா?" அவர்கள் வரிசையின் இரண்டு கடைசியிலும் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டுக் கொடுத்தார்கள். இன்றுவரை ஒரு மிதவையிலும் இடித்ததில்லை. கடலோரக் காவல் நிலையத்தில் போய், எந்த நேரம், எந்த இடம், பாயின் நிறம் என்ன என்று எழுதிக் கொடுத்தார். கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554 இரண்டும் செல்பேசியில், செல்பேசி நீர்புகாப் பையில், பை கழுத்தில்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை 19 முறை போனார். கவிழ்ந்தது நான்கு முறை. நான்கும் அவரே நிமிர்த்தியது, நீண்டதே ஆறு நிமிடம்தான். முழங்கால் வீங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த நான் மெல்லப் பார்ப்பதை விட்டேன். அதுவும் ஒரு முடிவுதான், சரியான முடிவல்ல.

ஆடி மாதக் காலை

ஜூலை பின்பாதி. காலை ஆறரை. கரையில் நின்றால் இதமான காற்று. கரைக்குப் பின்னால் தென்னையும் பனையும் நிற்பதால் அங்கே காற்று மறைந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தென்னை உச்சியைப் பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை.

500 மீட்டர் தாண்டியதும் கச்சான் முழுதாகப் பிடித்தது. திரும்ப முயன்றபோது கவிழ்ந்தார், நிமிர்த்தினார். இரண்டாவது முறை கவிழ்ந்தபோது டில்லரையும் நீட்டுக்கம்பையும் இணைக்கும் ரப்பர் மூட்டு அறுந்தது. நிமிர்த்தி ஏறினார், ஆனால் விளிம்பில் உட்கார்ந்தால் சுக்கான் கைக்கு எட்டாது. உள்ளே உட்கார்ந்தால் படகு சாயும். பாயை இறக்கவும் வழியில்லை. மூன்றாவது முறை கவிழ்ந்ததும் நிமிர்த்துவதை நிறுத்திவிட்டு, படகைப் பிடித்தபடி தண்ணீரில் இருந்துகொண்டு அழைத்தார்.

அங்கே அவர் எடுத்த மூன்று முடிவுகளும் சரி. ஒன்று, உடம்பில் தெம்பு இருக்கும்போதே அழைத்தது. இரண்டு, முதல் அழைப்பு எனக்கல்ல, பெரியவருக்கு. நான் 20 கி.மீ. தள்ளி இருந்தேன், அவர் 200 மீட்டரில். மூன்று, கரை தெரிகிறதே என்று நீந்தக் கிளம்பவில்லை. காற்றுக்கு எதிராக அந்தத் தூரத்தை யாரும் நீந்த முடியாது. ஆளின் தலை அலையில் தெரியாது, படகின் வெள்ளை உடல் தெரியும்.

பெரியவர் இன்ஜின் படகோடு போய்ச் சேர 40 நிமிடம். அதற்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வடக்கே ஒதுங்கிவிட்டார். படகை நிமிர்த்தி, பலகையை மேலே இழுத்துவிட்டு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டி மெதுவாக இழுத்து வந்தார்கள். பலகை கீழே இருந்தால் இழுக்கும் படகின் பின்னால் லேசர் அலைந்து அலைந்து கவிழும், அது இருவருக்கும் தெரிந்திருந்தது. கரையில் அவர் மனைவி நின்றிருந்தார். பெரியவர் அவரிடம் சொன்னது: "படகுல குறையில்லம்மா. காத்தைப் பாக்காம போயிட்டாரு." திட்டியது அவ்வளவுதான். இந்த நண்பரை நான் 30 வருடமாக அறிவேன், அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

பிறகு மாற்றியவை

கச்சான் காலத்தில் வெளியே போகும் எல்லை பாசி வரிசையின் கடைசிக் கம்பு. அதைத் தாண்டுவதானால் பெரியவரோ அவர் மகனோ கரையில் இருக்க வேண்டும், இன்ஜின் படகு தண்ணீரில் இருக்க வேண்டும். தென்னை உச்சி ஆடினால் இறக்குவதில்லை. ரப்பர் மூட்டு வருடத்துக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும், மாற்றப்படும். மூன்று மீட்டர் கயிறும் ஒரு கத்தியும் லைஃப் ஜாக்கெட்டிலேயே. இன்னொன்று: பாயை இறக்க முடியாவிட்டாலும், தண்ணீரில் இறங்கும் முன் கரையிலேயே மரத்தைச் சுற்றிப் பாயை ஒரு சுற்று, இரண்டு சுற்று உருட்டிச் சிறிதாக்கலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும். அதை முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

வாடைப் பருவத்தில் படம் வேறு. அலையோடு இறக்குவது சிரமம். இரண்டு முறை முழங்காலில் படகு இடித்தது. ஆனால் காற்று கரையை நோக்கி. டிசம்பரில் ஒருநாள் பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு கப்பியிலிருந்து நழுவியபோது பாயைத் தளரவிட்டு உட்கார்ந்தே இருந்தார், பத்து நிமிடத்தில் படகு மணலில் வந்து முட்டியது. குளம் போலத் தெரிந்த ஆடிக் கடலைவிட நுரை தள்ளும் மார்கழிக் கடல் அவருக்குப் பத்திரமாக இருந்தது. பருவக்காற்று ஓய்ந்த கையோடு கரையில் கடல்புல் மெத்தை மெத்தையாக ஒதுங்கும், அந்த வாரங்களில் பலகையை அடிக்கடி தூக்கி உதற வேண்டும்.

ஒரு வருடத்தில் மொத்தம் 58 நாள் ஓட்டியிருக்கிறார். எடை 81-க்கு வந்திருக்கிறது. மருத்துவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, தொடைத் தசை வலுவாகியிருக்கிறது, இதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுபடி செய்வதானால்

எடையைக் கேட்பதற்கு முன் கரையைப் போய்ப் பார்ப்பேன். படகு வாங்கும் முன் வண்டி செய்வேன். கவிழ்வு, நிமிர்வு, ஏறுதல் மூன்றையும் அவர் ஓட்டப்போகும் அதே ஆழத்தில், பாய் கட்டாமல் முதலில் பழக்குவேன். முதல் கச்சான் பருவம் முழுக்க ஒருவர் கரையில் நிற்க ஏற்பாடு செய்வேன், 19 முறை நன்றாக நடந்தது என்று விட்டுவிட மாட்டேன்.

படகைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு மனக்குறை உண்டு. இந்த ஆழமற்ற கடலுக்குச் செருகு பலகை ஏற்றதல்ல. கீல் போட்ட பலகை தரையில் பட்டால் தானாக மடங்கும். இது பொந்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். பொந்தின் பின்விளிம்பில் இப்போதே ஒரு மயிரிழை விரிசல் இருக்கிறது, பிசின் வைத்து அடைத்திருக்கிறோம். நல்ல கீல்பலகைப் படகு ஒன்று பழையதாகக் கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று நான் சொல்கிறேன். அவர் கேட்பதாக இல்லை. ஸ்டாண்டர்டு கீழ் மரத்தையும் விற்கவில்லை, காற்றே இல்லாத பங்குனிக் காலைகளுக்கு வைத்திருக்கிறார். போன மாதம் 4.7 பாய்க்குச் சொல்லி வைத்தார். பெரியவரின் பேரனுக்கு 14 வயது, 46 கிலோ. பள்ளி விடுமுறையில் தினமும் வந்து வண்டியைப் பிடிக்கிறான்.